படிக்கப் போன டாக்டர் ஊர் திரும்பினால்...

ருவாண்டா முதல் வேலூர் வரை: மூளை அறுவை சிகிச்சை நிபுணர்களை உருவாக்கும் உதவித்தொகைகளின் கதை

2007-ம் ஆண்டு கோடைக்காலம். ஸ்வீடன் நாட்டின் லின்ஷோப்பிங் நகரில் உள்ள பல்கலைக்கழக மருத்துவமனைக்கு ஆப்பிரிக்காவின் ருவாண்டாவிலிருந்து ஒரு மருத்துவ மாணவி வந்து சேர்ந்தார். மாணவர் பரிமாற்றத் திட்டத்தில் கிடைத்த வாய்ப்பு அது. ஸ்கேன், எக்ஸ்ரே பார்க்கும் கதிரியக்கத் துறையில் சில வாரங்கள் இருந்து கற்றுக்கொள்ள வேண்டும் என்பதுதான் அவருடைய ஆசை.

வந்து பார்த்தால், விடுமுறைக் காலம். அந்தத் துறையில் இடமில்லை. மாணவர்களைச் சேர்த்துக்கொள்ளத் தயாராக இருந்தது நரம்பியல் அறுவை சிகிச்சைத் துறை மட்டும்தான். ‘சரி, வந்ததற்கு அதையாவது பார்ப்போம்’ என்று உள்ளே போனார் அந்தப் பெண். அங்கே யான் ஹில்மன் என்ற பேராசிரியர் அவரை அறுவை சிகிச்சை அரங்குக்குள் அழைத்துச் சென்றார். திறந்த மண்டையோட்டுக்குள் ஒரு மனித மூளையை அந்தப் பெண் முதன்முறையாகப் பார்த்தார். அதன்பிறகு கதிரியக்கத் துறை பக்கம் அவர் மனம் திரும்பவே இல்லை.

அவர் பெயர் கிளேர் காரெகெஸி. இன்று ருவாண்டாவின் முதல் பெண் நியூரோசர்ஜன்.

இந்தக் கதையைக் கேட்டால் அதிர்ஷ்டம் என்று தோன்றும். அதிர்ஷ்டம் கதவைத் திறந்துவிட்டது உண்மைதான். ஆனால் அந்தக் கதவுக்குப் பின்னால் பத்தாண்டுகளுக்கு மேல் நீண்ட பாதை ஒன்று இருந்தது. அதில் ஒவ்வொரு கட்டத்திலும் யாரோ ஒருவர் செலவை ஏற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. யாரோ ஒருவர் கற்றுத்தர வேண்டியிருந்தது. இந்தக் கட்டுரை அந்த ‘யாரோ ஒருவர்’களைப் பற்றியது.

ஏன் இவ்வளவு தட்டுப்பாடு?

நம் வீட்டுப் பிள்ளை பைக்கில் போகும்போது கீழே விழுந்து தலையில் அடிபட்டுவிட்டது என்று வைத்துக்கொள்வோம். வெளியே பெரிய காயம் இருக்காது. பேசிக்கொண்டேகூட இருப்பான். ஆனால் மண்டையோட்டுக்கு உள்ளே ரத்தம் கசிந்து கட்டிக்கொண்டே போகும். மண்டையோடு விரிந்து கொடுக்காது. சேரும் ரத்தம் மூளையை அழுத்தும். சில மணி நேரத்துக்குள் மண்டையோட்டைத் திறந்து அந்த ரத்தத்தை வெளியேற்றினால் பல நேரங்களில் பிள்ளை எழுந்து நடமாடுவான். அதைச் செய்யத் தெரிந்தவர் பக்கத்தில் இல்லை என்றால்?

உலகின் பெரும்பகுதி இந்தக் கேள்வியோடுதான் வாழ்கிறது. 2018-ல் வெளியான ஒரு பெரிய ஆய்வு, ஆண்டுதோறும் சுமார் 2 கோடியே 26 லட்சம் பேர் நியூரோசர்ஜன் ஒருவர் பார்க்க வேண்டிய நோய்க்கோ காயத்துக்கோ ஆளாகிறார்கள் என்று கணக்கிட்டது. அவர்களில் 1 கோடியே 38 லட்சம் பேருக்கு அறுவை சிகிச்சையே தேவைப்படுகிறது. ஏழை மற்றும் நடுத்தர வருமான நாடுகளில் ஆண்டுக்கு 50 லட்சம் பேருக்கு மேல் அந்த சிகிச்சை கிடைக்காமலே போகிறது. இந்த இடைவெளியை அடைக்க அந்த நாடுகளுக்கு இன்னும் சுமார் 23,300 நியூரோசர்ஜன்கள் வேண்டும் என்றது அதே ஆய்வு.

23,300 பேர்! ஒரு நியூரோசர்ஜன் உருவாக எத்தனை ஆண்டுகள் ஆகும் தெரியுமா? நம் நாட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். எம்.பி.பி.எஸ். படிப்பும் பயிற்சியும் சேர்த்து ஐந்தரை ஆண்டு. பிறகு எம்.எஸ். மூன்று ஆண்டு. அதற்குமேல் எம்.சிஎச். மூன்று ஆண்டு. பிளஸ் டூ முடித்த பிள்ளை கத்தியைத் தனியாகப் பிடிக்க முப்பது வயதைத் தொட்டுவிடும். பணமும் பொறுமையும் ஆசிரியர்களும் நிறையத் தேவைப்படும் படிப்பு இது. ஏழை நாடுகளில் இந்த மூன்றுக்குமே பஞ்சம்.

இந்தப் பிரச்னையை ஒரு நாட்டுப் பிரச்னையாகப் பார்க்காமல் உலகப் பிரச்னையாகப் பார்க்கும் துறைக்குத்தான் ‘குளோபல் நியூரோசர்ஜரி’ என்று பெயர். எந்த நாட்டில் பிறந்தாலும், எந்தக் கிராமத்தில் விழுந்தாலும், தேவைப்படும் மூளை, தண்டுவட அறுவை சிகிச்சை ஒருவருக்குக் கிடைக்க வேண்டும் என்பதே இதன் குறிக்கோள். இதில் இறங்கும் இளம் டாக்டர்களுக்கு உதவத்தான் பலவகை உதவித்தொகைகளும் ஃபெலோஷிப்களும் இருக்கின்றன.

ரபாத்தில் ஒரு வகுப்பறை

கிளேர் காரெகெஸியிடம் திரும்புவோம். 1994-ல் ருவாண்டாவில் இனப்படுகொலை நடந்தபோது அவர் சிறுமி. சுமார் நூறு நாள்களில் எட்டு லட்சம் பேர்வரை கொல்லப்பட்ட கொடுமை அது. அதைத் தாண்டி வந்த நாட்டில் பள்ளி, மருத்துவமனை என எல்லாவற்றையும் புதிதாகக் கட்டி எழுப்ப வேண்டியிருந்தது. நியூரோசர்ஜரி படிக்க வேண்டும் என்ற முடிவோடு ஸ்வீடனிலிருந்து கிளேர் திரும்பிய காலத்தில், அதை ஊரிலேயே படிக்க அவருக்கு வழியில்லை.

அவருக்குக் கைகொடுத்தது மொராக்கோ. அதன் தலைநகர் ரபாத்தில் 2002-ல் ஒரு பயிற்சி மையம் தொடங்கப்பட்டிருந்தது. 1955-ல் உருவான உலக நரம்பியல் அறுவை சிகிச்சைச் சங்கங்களின் கூட்டமைப்பும், மொராக்கோவின் மூத்த நியூரோசர்ஜன் அப்தெஸ்லாம் எல் காம்லிஷியும் சேர்ந்து அமைத்த மையம் அது. ஆப்பிரிக்க டாக்டர்களை ஆப்பிரிக்காவிலேயே வைத்துப் பயிற்றுவிப்பது என்பதுதான் அதன் அடிப்படை எண்ணம்.

ஏன் அப்படி? பாரிஸுக்கோ லண்டனுக்கோ அனுப்பினால் இன்னும் நல்ல கருவிகளில் படிக்கலாமே என்று நமக்குத் தோன்றும். அங்கேதான் சிக்கல். கோடிக்கணக்கில் விலையுள்ள கருவிகளை வைத்துப் படித்துவிட்டு ஊர் திரும்பும் டாக்டருக்கு அங்கே அவை இருக்காது. கற்ற வித்தையைப் பயன்படுத்த முடியாத தவிப்பில் மறுபடி விமானம் ஏறிவிடுவார். வேலை கொடுக்க அந்த நாடுகளும் தயாராக இருக்கும். ஏழை நாடு செலவு செய்து படிக்க வைத்த டாக்டர் பணக்கார நாட்டின் மருத்துவமனையில் வேலை பார்ப்பார். உதவித்தொகை கொடுத்தவர்களின் நோக்கம் தலைகீழாகிவிடும்.

ரபாத்தில் படிப்பவர்களோ, தங்கள் ஊரில் பார்க்கப்போகும் அதே வகை நோயாளிகளை, ஓரளவு அதே வகை வசதிகளோடு பார்த்துப் பழகுகிறார்கள். 2011 முதல் ஐந்தாண்டுகள் அங்கே பயின்றார் கிளேர். பிறகு மூளைக் கட்டிகளுக்கும், மண்டையோட்டின் அடிப்பகுதியில் வரும் சிக்கலான கட்டிகளுக்கும் அறுவை சிகிச்சை செய்வதில் கூடுதல் பயிற்சிக்காகக் கனடாவின் டொரன்டோ நகருக்கு ஃபெலோஷிப்பில் சென்றார். 2018-ல் அது முடிந்தது.

அப்போது அவர் முன்னால் இரண்டு வழிகள் இருந்தன. அவருடைய தகுதிக்கு வெளிநாட்டில் வேலை கிடைப்பது கடினமல்ல. ஆனால் அதே ஆண்டில் கிகாலிக்குத் திரும்பினார். ஒரு கோடிக்கும் மேல் மக்கள்தொகை உள்ள நாட்டில் அப்போது விரல்விட்டு எண்ணக்கூடிய நியூரோசர்ஜன்களே இருந்தார்கள். அவர்களில் ஒருவராக, அந்த நாட்டு ராணுவ மருத்துவமனையில் பணியில் சேர்ந்தார். இன்று ஆப்பிரிக்காவின் பெண் நியூரோசர்ஜன்களை ஒன்றிணைத்து, இந்தத் துறைக்கு வர விரும்பும் மாணவிகளுக்கு வழிகாட்டும் பணியிலும் முன்னணியில் இருக்கிறார்.

லின்ஷோப்பிங்கில் சில வாரங்கள், ரபாத்தில் ஐந்தாண்டுகள், டொரன்டோவில் கூடுதல் பயிற்சி. இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்திருந்தாலும் கிகாலியில் அந்த டாக்டர் இருந்திருக்க மாட்டார்.

கொடுக்கப் போனவர் கற்றுக்கொண்டு வந்தார்

பணக்கார நாட்டு டாக்டர்கள் ஏழை நாட்டுக்குப் போவதும் இந்தத் துறையில் உண்டு. அதில் மறக்க முடியாத பெயர் பெஞ்சமின் வார்ஃப். அமெரிக்கக் குழந்தைகள் நியூரோசர்ஜனான இவர், 2000-ல் குடும்பத்தோடு உகாண்டாவின் எம்பாலே என்ற ஊருக்குக் குடிபெயர்ந்தார். அங்கே குழந்தைகளுக்கான ஒரு மருத்துவமனையை உருவாக்கும் பணி.

அங்கே அவர் பார்த்தது, தலையில் நீர் கோத்த குழந்தைகளின் வரிசை. ‘ஹைட்ரோகெஃபாலஸ்’ என்பார்கள். நம் எல்லோர் மூளையிலும் ஒருவகைத் திரவம் சுரந்து, சுற்றி வந்து, ரத்தத்தில் கலந்துகொண்டே இருக்கிறது. அந்த ஓட்டத்தில் அடைப்பு ஏற்பட்டால் நீர் தேங்கும். பச்சைக்குழந்தையின் மண்டையோடு இன்னும் இறுகாததால் தலை பெரிதாகிக்கொண்டே போகும். மூளை நசுங்கும். எம்பாலேவுக்கு வந்த குழந்தைகளில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு, பிறந்த சில மாதங்களுக்குள் வந்த தொற்றுதான் இதற்குக் காரணம் என்று கண்டறிந்தார் வார்ஃப்.

வழக்கமான சிகிச்சை, ‘ஷன்ட்’ என்ற மெல்லிய குழாயை மூளையிலிருந்து வயிறுவரை தோலுக்கு அடியில் பொருத்தி, தேங்கும் நீரை வடிய விடுவது. அமெரிக்காவில் இது நல்ல சிகிச்சை. ஆனால் அந்தக் குழாய் எப்போது வேண்டுமானாலும் அடைத்துக்கொள்ளலாம். அடைத்தால் உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டும். சாலையே இல்லாத கிராமத்தில் இருக்கும் தாய், காய்ச்சலும் வாந்தியுமாகக் கிடக்கும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு எங்கே ஓடுவாள்?

இந்தக் கேள்வி வார்ஃபை விடவில்லை. குழாயே வேண்டாத ஒரு முறையை எம்பாலேவில் செம்மைப்படுத்தினார். எண்டோஸ்கோப் கருவியை உள்ளே செலுத்தி, தேங்கிய நீர் வெளியேற மூளைக்குள்ளேயே ஒரு மாற்றுவழி திறப்பது; கூடவே, அந்தத் திரவத்தைச் சுரக்கும் திசுவைச் சூட்டால் பொசுக்கிச் சுரப்பைக் குறைப்பது. இரண்டையும் ஒரே அமர்வில் செய்யும் உத்தி. 2017-ல், எம்பாலேவில் 100 கைக்குழந்தைகளை வைத்து நடத்திய ஒப்பீட்டு ஆய்வின் முடிவு வெளியானது. ஓராண்டு கழித்துப் பார்த்ததில், ஷன்ட் பொருத்திய குழந்தைகளுக்கும் இந்தப் புதிய முறையில் சிகிச்சை பெற்ற குழந்தைகளுக்கும் அறிவு வளர்ச்சியில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை.

உகாண்டாவில் வளர்ந்த அந்த உத்தியை அமெரிக்க மருத்துவமனைகள் பிறகு கற்றுக்கொண்டன. 2012-ல் வார்ஃபுக்குப் புகழ்பெற்ற மெக்ஆர்தர் ஃபெலோஷிப் கிடைத்தது. கொடுக்கப் போனவர், உலகத்துக்கே பயன்படும் ஒன்றை வாங்கிக்கொண்டு வந்தார்.

இதில் நம் நாட்டுக்கும் ஒரு பங்கு உண்டு. ஷன்ட் தேவைப்படும் குழந்தைகள் இருக்கத்தான் செய்தார்கள். அமெரிக்காவில் புழங்கிய ஒரு ஷன்ட்டின் விலை அன்று சுமார் 650 டாலர். உத்தரப்பிரதேசத்தில் தயாராகும் ‘சாப்ரா’ ஷன்ட்டின் விலை சுமார் 35 டாலர். விலை குறைந்தது என்பதால் தரமும் குறைந்ததா? வார்ஃப் 195 குழந்தைகளிடம் ஒப்பிட்டுப் பார்த்து, 2005-ல் முடிவை வெளியிட்டார். ஓராண்டுப் பலனில் இரண்டுக்கும் பெரிய வேறுபாடு இல்லை!

வார்ஃப் செய்த இன்னொரு காரியம் இவை எல்லாவற்றையும்விட முக்கியம். ஜான் முகாம்பா என்ற உகாண்டா டாக்டரைப் பயிற்றுவித்தார். வார்ஃப் அமெரிக்காவுக்குத் திரும்பிய பிறகும் எம்பாலே மருத்துவமனையின் அறுவை சிகிச்சை அரங்கு இயங்கிக்கொண்டே இருந்தது. பிற நாட்டு டாக்டர்களும் அங்கே வந்து இந்த முறையைக் கற்றுப்போனார்கள்.

டிக்கெட் யாருக்கு?

இங்கேதான் இந்தத் துறைக்குள்ளேயே ஒரு விவாதம் நடக்கிறது. கையில் இருக்கும் பணத்தை யாருக்குக் கொடுப்பது?

பணக்கார நாட்டு இளம் டாக்டரை இரண்டு வாரத்துக்கு ஆப்பிரிக்காவுக்கு அனுப்பினால், சிலருக்கு அறுவை சிகிச்சை நடக்கும். அவருக்கு நல்ல அனுபவம் கிடைக்கும். ஊர் திரும்பிப் படங்களோடு கட்டுரையும் எழுதுவார். ஆனால் அவர் விமானம் ஏறிய மறுநாள் விபத்தில் அடிபட்டு வருபவரை யார் பார்ப்பது?

இந்தக் கேள்வியை நேருக்கு நேர் சந்தித்தவர் டிலான் எல்லெகல. இலங்கையில் பிறந்து, அமெரிக்காவில் நியூரோசர்ஜன் ஆனவர். 2006-ல் தான்சானியாவின் ஹைடொம் என்ற சிற்றூர் மருத்துவமனைக்குச் சென்றார். அப்போது நான்கு கோடி மக்கள் வாழ்ந்த அந்த நாட்டில் மொத்தமே மூன்று நியூரோசர்ஜன்கள்தான். மண்டையோட்டை அறுக்கச் சரியான கருவிகூட அங்கே இல்லை. மரம் அறுக்கும் கம்பி வாள் ஒன்றை ஒரு விவசாயியிடம் விலைக்கு வாங்கி, அதைக் கிருமி நீக்கம் செய்து பயன்படுத்தினார்.

தான் போய்விட்டால் எல்லாம் நின்றுவிடும் என்பது அவருக்குப் புரிந்தது. எம்மானுவேல் மயேகா என்ற உதவி மருத்துவ அலுவலருக்கு மூளை அறுவை சிகிச்சையின் அடிப்படைகளைக் கற்றுக்கொடுத்தார். முழு டாக்டர் பட்டம் பெறாத ஒருவரிடம் இதை ஒப்படைக்கலாமா என்று கேட்டவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். ஆனால் அந்த ஊரில் இன்னொரு நியூரோசர்ஜன் பக்கத்துத் தெருவில் காத்திருக்கவில்லை. மயேகா கற்றார். பிறகு இன்னொருவருக்குக் கற்றுக்கொடுத்தார். அதன்பிறகு, முறையாக மருத்துவப் பட்டம் படிக்கவும் சென்றார்.

ஆகவே, உதவித்தொகையை உள்ளூர் டாக்டருக்குக் கொடுத்து, முடிந்தவரை அவர் ஊருக்குப் பக்கத்திலேயே படிக்க வைப்பதுதான் நிலைக்கும் என்ற கருத்து இன்று வலுத்திருக்கிறது. ‘படித்து முடித்தால் எப்படியும் ஓடிவிடுவார்கள்’ என்ற பழைய பேச்சுக்கும் பதில் கிடைத்திருக்கிறது. கிழக்கு, மத்திய, தென் ஆப்பிரிக்க நாடுகளில் பயிற்சி பெற்ற அறுவை சிகிச்சை டாக்டர்களை 1974 முதல் 2013 வரை கணக்கெடுத்து, 2017-ல் ஓர் ஆய்வு வெளியானது. எல்லாப் பிரிவு அறுவை சிகிச்சை டாக்டர்களும் அதில் அடக்கம். அவர்களில் சுமார் 85 சதவிகிதம் பேர் பயிற்சி பெற்ற நாட்டிலேயே பணியாற்றிக்கொண்டிருந்தார்கள்!

பக்கத்தில் படித்தவர்கள் பெரும்பாலும் பக்கத்திலேயே இருக்கிறார்கள்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். டாக்டர் மட்டும் திரும்பி வந்தால் போதாது. மயக்க மருந்து நிபுணர், தீவிர சிகிச்சைப் பிரிவு நர்ஸ், சி.டி. ஸ்கேன், தடையில்லாத மின்சாரம் எல்லாம் இருந்தால்தான் அவர் கற்றது நோயாளியைச் சேரும். நல்ல உதவித்தொகைத் திட்டங்கள் தனி ஆளைத் தேர்ந்தெடுப்பதோடு நிற்பதில்லை. அவர் திரும்பிப் போகும் மருத்துவமனையோடும் கைகோக்கின்றன. அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகம் 2007 முதல் உகாண்டாவின் முலாகோ மருத்துவமனையோடு இணைந்து செய்த பணி அப்படிப்பட்டது. கருவிகளை அனுப்பியது, குழுவாகச் சென்று அங்குள்ளவர்களோடு சேர்ந்து அறுவை சிகிச்சை செய்தது, பயிற்சித் திட்டம் தொடங்கத் துணைநின்றது எல்லாம் அதில் சேர்ந்திருந்தன.

நம் வீட்டுக் கதையும் இதுதான்!

‘இதெல்லாம் ஆப்பிரிக்கக் கதை, நமக்கென்ன?’ என்று நினைக்க வேண்டாம். 75 ஆண்டுகளுக்கு முன்னால் நாமும் அதே இடத்தில்தான் இருந்தோம்.

1940-களில் இந்தியாவில் நியூரோசர்ஜரிக்கென்று ஒரு துறைகூட இல்லை. கேரளத்தில் பிறந்து சென்னையில் மருத்துவம் படித்த ஜேக்கப் சாண்டி, கனடாவின் மான்ட்ரியல் நகரில், உலகப்புகழ் பெற்ற வைல்டர் பென்ஃபீல்டிடம் பயிற்சி பெற்றார். 1949-ல் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்கு வந்து, நாட்டின் முதல் நரம்பியல் அறுவை சிகிச்சைத் துறையைத் தொடங்கினார்.

அடுத்த ஆண்டே சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் அந்தப் பணியை ஆரம்பித்தார் பி.ராமமூர்த்தி. அவர் பயிற்சி பெற்றது இங்கிலாந்தின் நியூகாசிலில். ஆரம்ப நாள்கள் எவ்வளவு கடினமாக இருந்திருக்கும் என்பதை அவருடைய சுயசரிதையின் தலைப்பே சொல்லிவிடும்: ‘அப்ஹில் ஆல் தி வே’. வழி முழுக்க மேடு என்று பொருள். பிற்காலத்தில் உலக நரம்பியல் அறுவை சிகிச்சைச் சங்கங்களின் கூட்டமைப்புக்கே அவர் தலைவரானார்.

அவரிடம் சென்னையிலேயே பயின்று, 1968-ல் எம்.சிஎச். பட்டம் பெற்றார் டி.எஸ்.கனகா. ஆசியாவின் முதல் பெண் நியூரோசர்ஜன்களில் ஒருவர். நூறு முறைக்கும் மேல் ரத்த தானம் செய்தவர் என்பது கூடுதல் பெருமை. 2018-ல் மறைந்தார்.

இந்த மூவரையும் வரிசையாகப் பாருங்கள். சாண்டி கடல் கடந்து மான்ட்ரியலுக்குப் போனார். ராமமூர்த்தி நியூகாசிலுக்குப் போனார். இருவரும் திரும்பி வந்தார்கள், துறையை உருவாக்கினார்கள், கற்றுக்கொடுத்தார்கள். அதனால் அடுத்த தலைமுறையைச் சேர்ந்த கனகா, எம்.சிஎச். படிக்கக் கப்பல் ஏற வேண்டியிருக்கவில்லை. சென்னையிலேயே படிக்க முடிந்தது. இன்று நம் பிள்ளைக்கு அடிபட்டால் மதுரையிலோ கோவையிலோ திருநெல்வேலியிலோ நியூரோசர்ஜன் இருக்கிறார் என்றால், அது அந்தத் திரும்பி வருதலின் பலன்.

சாண்டி மான்ட்ரியலிலேயே தங்கியிருந்தால் அங்கே ஒரு நல்ல டாக்டர் கூடியிருப்பார். வேலூருக்கு வந்ததால் ஒரு துறையே பிறந்தது. கிகாலியும் எம்பாலேயும் இன்று நடக்கும் வழியில், வேலூரும் சென்னையும் அன்றே நடந்தன.

இளம் டாக்டர்களே, உங்களுக்கு...

நியூரோசர்ஜரி படிக்கும், படிக்க விரும்பும் இளைஞர்களுக்குச் சில குறிப்புகள். பெற்றோரும் தெரிந்துகொள்ளலாம்.

உதவிகள் பொதுவாக மூன்று வகை. முதலாவது, ரபாத் மையம் தருவதுபோன்ற பல ஆண்டு முழுப் பயிற்சி. இரண்டாவது, படிப்பை முடித்த அல்லது முடிக்கப்போகும் டாக்டர்கள் ஒரு குறிப்பிட்ட திறமையைக் கற்க, சில வாரங்கள் முதல் ஓராண்டு வரை செல்லும் ஃபெலோஷிப். உலகக் கூட்டமைப்பும் பல நாட்டுச் சங்கங்களும், 1969-ல் தொடங்கப்பட்ட ‘ஃபியென்ஸ்’ என்ற சர்வதேச நரம்பியல் அறுவை சிகிச்சைக் கல்வி அறக்கட்டளையும் இந்த வகையில் உதவுகின்றன. மூன்றாவது, ஆய்வுக்கான உதவி. ஒரு நாட்டில் எத்தனை பேருக்குச் சிகிச்சை கிடைக்கவில்லை, ஏன் கிடைக்கவில்லை என்று கணக்கெடுப்பதும் குளோபல் நியூரோசர்ஜரியின் பகுதிதான். அதிலிருந்துதான் அரசுகளின் திட்டம் பிறக்கும்.

விண்ணப்பிக்கும் முன் நான்கு விஷயங்களைக் கேட்டுத் தெளிவுபெறுங்கள்.

• அறுவை சிகிச்சையில் கைவைக்க அனுமதி உண்டா, ஓரமாக நின்று பார்க்க மட்டுமா? அந்த நாட்டு மருத்துவ உரிமம் இல்லாமல் பல இடங்களில் பார்வையாளராக மட்டுமே இருக்க முடியும். பார்ப்பதிலும் பயன் உண்டு. ஆனால் தெரிந்துகொண்டு போங்கள்.

• தொகையில் எதெல்லாம் அடக்கம்? பயணச் செலவு மட்டுமா, தங்குமிடம், சாப்பாடு, காப்பீடும் சேர்த்தா? குடும்பத்தை அழைத்துச் செல்ல முடியுமா?

• அங்கே உங்களுக்கு ஆசிரியர் யார்? பெரிய மருத்துவமனையின் பெயரைவிட, நேரம் ஒதுக்கிக் கற்றுத்தரும் ஒரு மனிதர் முக்கியம். கிளேருக்கு ஒரு ஹில்மன் கிடைத்ததுபோல.

• திரும்பி வந்து என்ன செய்யப்போகிறீர்கள்? நல்ல தேர்வுக் குழுக்கள் தவறாமல் கேட்கும் கேள்வி இது. உங்களுக்கு நீங்களே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வியும் இதுவே.

‘முன்பணம் கட்டினால் இடம் உறுதி’ என்று யாராவது சொன்னால், அந்தப் பக்கமே போகாதீர்கள்.

வீட்டில் இருப்பவர்கள் கவனிக்க

குளோபல் நியூரோசர்ஜரி என்றால் அறுவை சிகிச்சை மட்டுமல்ல, அந்தத் தேவையே வராமல் தடுப்பதும்தான். கர்ப்பத்தின் முதல் வாரங்களில் குழந்தையின் தண்டுவடம் சரியாக மூடாமல் போகும் குறைக்கு ‘ஸ்பைனா பிஃபிடா’ என்று பெயர். தாயின் உடலில் ஃபோலிக் ஆசிட் போதிய அளவு இருந்தால் இதைப் பெருமளவு தடுக்கலாம். இதை வலியுறுத்திப் பல நாட்டு நியூரோசர்ஜன்கள் குரல்கொடுத்தார்கள். 2023 மே மாதம், உணவுப் பொருள்களில் ஃபோலிக் ஆசிட் போன்ற நுண்சத்துகளைச் சேர்ப்பதை ஊக்குவிக்கும் தீர்மானத்தை உலக சுகாதார சபை நிறைவேற்றியது.

கர்ப்பம் உறுதியான பிறகு மாத்திரை சாப்பிடுவது பல நேரங்களில் தாமதம். குழந்தைக்குத் திட்டமிடும்போதே தினமும் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் ஆசிட் எடுத்துக்கொள்ள உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. உங்களுக்கு எவ்வளவு என்பதை டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

கைக்குழந்தையின் தலை வழக்கத்தைவிட வேகமாகப் பெரிதானாலும், உச்சிக்குழி புடைத்து இறுக்கமாக இருந்தாலும், கண்கள் கீழ்நோக்கியே செருகினாலும், காரணமில்லாமல் வாந்தியும் சிணுங்கலும் தொடர்ந்தாலும் தாமதிக்க வேண்டாம். ‘எங்க வம்சத்துக்கே தலை பெரிசு’ என்று பாட்டி சொன்னாலும் சரி, ஒருமுறை குழந்தைகள்நல டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.

விபத்தில் தலையில் அடிபட்டவர் நன்றாகப் பேசினாலும், பிறகு தலைவலி, வாந்தி, தூக்கக் கலக்கம் வந்தால் உடனே 108-ஐ அழையுங்கள்.

அந்த ஆம்புலன்ஸ் போய்ச் சேரும் இடத்தில் ஒரு நியூரோசர்ஜன் இருப்பார் என்ற நம்பிக்கை நமக்கு இருக்கிறது. 1949-க்கு முன்னால் வேலூரில் அந்த நம்பிக்கை இல்லை. உலகின் பல ஊர்களில் இன்றும் இல்லை. அப்படிப்பட்ட ஓர் ஊரைச் சேர்ந்த இளம் டாக்டர் ஒருவர், ஏதோ ஒரு நாட்டின் மருத்துவமனையில் நின்று படித்துக்கொண்டிருப்பார். அவர் படிப்பு முடிந்து பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊருக்கு வரும் நாளை எதிர்பார்த்து, அவருக்குப் பெயர்கூடத் தெரியாத எத்தனையோ குழந்தைகள் காத்திருக்கிறார்கள்.